இரவு அணிவகுப்பை வைத்துக்கொள்வதா, விடுவதா? தீம் பார்க்குகள் போடவேண்டிய கணக்கு

2025 ஜூலை 20 அன்று ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ‘ஸ்டார்லைட்’ என்ற புதிய இரவு அணிவகுப்பு, அதாவது விளக்கொளியில் மின்னும் ஊர்திகளின் ஊர்வலம், தொடங்கியது. அங்கே முந்தைய அணிவகுப்பு நின்றது 2016 அக்டோபரில். நடுவில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்தப் பூங்காவுக்கு இரவு அணிவகுப்பே கிடையாது. அதே 2025 மே மாதம் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட், பல ஆண்டுகளாக ஓடாமல் இருந்த ‘பெயின்ட் த நைட்’ அணிவகுப்பைத் தன் 70ஆம் ஆண்டு விழாவுக்காக மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தது. பாரிஸ் டிஸ்னிலேண்ட் வேறு வழியில் போனது. 2024 ஜனவரியில் அது பழைய மின்விளக்கு அணிவகுப்பின் நினைவை டிரோன்களால் வானத்தில் வரைந்தது; தெருவில் ஒரு ஊர்தியும் ஓடவில்லை. டோக்கியோவிலோ 2001இல் தொடங்கிய ‘ட்ரீம்லைட்ஸ்’ அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடியது.

ஒரே பெயரைத் தாங்கிய பூங்காக்கள் இப்படி நான்கு விதமாக முடிவெடுத்ததால்தான் குழப்பம். இரவு அணிவகுப்பு செலவுக்கேற்ற பயன் தருகிறதா? பூங்காவின் கோட்டைச் சுவரில் புரொஜெக்டரால் ஒளிப்படம் பாய்ச்சும் காட்சி வந்துவிட்ட பிறகும் அது தேவையா? போதிய நீளமுள்ள தெரு இருக்கும் பூங்கா அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. காரணம் பழைய நினைவுகள் மீதான பாசம் அல்ல, கூட்டம் நகரும் விதம். ஆனால் பராமரிப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்காமல் பெயருக்கு ஓட்டுவதாக இருந்தால், நிறுத்திவிடுவதே மேல்.

## எங்கிருந்து வந்தது

1971 அக்டோபரில் ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டபோது, அங்குள்ள ஏரியில் 14 மிதவைகள் மீது விளக்குத் திரைகளை நிறுத்தி ஒரு நீர் ஊர்வலம் விட்டார்கள். அதைத் தரைக்குக் கொண்டுவந்ததுதான் ‘மெயின் ஸ்ட்ரீட் எலெக்ட்ரிக்கல் பரேட்’. 1972 ஜூன் 17 அன்று கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அது முதன்முறையாக ஓடியது. சுமார் ஐந்து லட்சம் சிறு பல்புகள், பேட்டரியில் ஓடும் ஊர்திகள், 1967இல் வெளிவந்த ‘பரோக் ஹோடௌன்’ என்ற மின்னணு இசை. தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, ஒளியை மட்டும் நகரவிடுவது என்ற அடிப்படை அன்று தொடங்கி இன்றுவரை மாறவில்லை.

கீழே அடிக்கடி வரும் நான்கு சொற்களை முதலில் வரையறுத்துவிடலாம்.

1. அலங்கார ஊர்தி: உள்ளே ஓட்டுநர் உட்கார்ந்து ஓட்டும், மோட்டாரும் பேட்டரியும் கொண்ட நகரும் மேடை.
2. பாதை: ஊர்திகள் வெளிவரும் வாசலிலிருந்து உள்ளே போகும் வாசல்வரை உள்ள தெரு.
3. மண்டலம்: பாதையை ஒலிக்காகப் பிரித்த துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பீக்கர் வரிசை உண்டு.
4. ஓட்டம்: முதல் ஊர்தி வெளிவருவதிலிருந்து கடைசி ஊர்தி உள்ளே போவதுவரை.

## கூட்டக் கணக்கு

பட்ஜெட் கூட்டங்களில் அணிவகுப்பு ‘பொழுதுபோக்குச் செலவு’ என்ற தலைப்பில் வந்து உட்காரும். அங்கேயே தவறு தொடங்குகிறது. அது கூட்டத்தைக் கையாளும் கருவி. அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு போதும்.

பாதையின் நீளம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அரை மீட்டர் அகலம் என்றால் ஒரு வரிசையில் ஒரு பக்கம் 1,200 பேர். நான்கு வரிசை, இரண்டு பக்கம்: 9,600 பேர். குறுக்கே கடக்கும் இடங்கள், கடை வாசல்கள், சக்கர நாற்காலிக்கான இடம் என 30 சதவீதத்தைக் கழித்தால் சுமார் 6,700 பேர். ஓர் இரவில் இரண்டு ஓட்டம் விட்டால் 13,400 பேர்.

அதே பூங்காவின் கோட்டை முற்றம் 5,000 சதுர மீட்டர் என்போம். சதுர மீட்டருக்கு 2.5 பேர் வீதம் 12,500 பேர் நிற்கலாம். எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது காட்சி முடியும் நிமிடத்தில்.

முற்றத்தில் 12,500 பேரும் ஒரே நொடியில் திரும்புகிறார்கள். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர் என்று கணக்கு வைக்கிறது. வெளிவழிகளின் மொத்த அகலம் 20 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,640 பேர். ஆகக் குறைந்தது ஏழரை நிமிடம். குழந்தை வண்டிகளும் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் சுமப்பவர்களும் நிறைந்த கூட்டத்தில் அந்த வேகம் பாதியாகிவிடும். இதற்கிடையே முற்றத்தின் வாய்ப்பகுதியில் நெரிசல் ஏறும். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் தனிமனிதர் தன் கால்களால் நடப்பது நின்று, கூட்டம் தள்ளும் பக்கம் போகத் தொடங்குகிறார். எந்தப் பூங்காவும் தொட விரும்பாத எல்லை அது.

அணிவகுப்பு முடிவது அப்படியல்ல. ஊர்திகள் நொடிக்கு 0.75 மீட்டர் நகர்ந்தால், வரிசையின் வால் நிமிடத்துக்கு 45 மீட்டர் பாதையை விடுவிக்கிறது. மீட்டருக்குச் சுமார் 11 பேர் வீதம், நிமிடத்துக்கு 500 பேர் மட்டுமே எழுந்து கிளம்புவார்கள். தொடக்க முனையில் இருப்பவர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கடைசி முனையில் இருப்பவர்களுக்குக் காட்சி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நெரிசல் இல்லாமல் வெளியேற்றத்தை இப்படிப் பதிமூன்று நிமிடத்துக்குப் பரப்பித்தரும் வேறு இரவுக் காட்சி கிடையாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 450 மீட்டர் நீள வரிசை 600 மீட்டர் பாதையைக் கடந்து முடிக்க 23 நிமிடம் ஆகும். முன்னதாகத் தெருவைக் காலிசெய்ய 20 நிமிடம், பின்னால் துப்புரவுக்கு 5 நிமிடம். ஆக ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பூங்கா இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கடக்குமிடங்களைக் கயிறு கட்டி, ஊர்திகளுக்கு நடுவே வரும் இடைவெளிகளில் திறந்து மூட வேண்டும். ஆம்புலன்ஸுக்குப் பின்வழி இல்லாத பூங்கா இந்த ஒரு காரணத்துக்காகவே அணிவகுப்பை மறந்துவிட வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

## ஊர்திக்குள் என்ன இருக்கிறது, எது கெடும்

2014இல் ஹாங்காங்கில் தொடங்கிய ‘பெயின்ட் த நைட்’ முழுக்க எல்இடியில் அமைந்தது. அடுத்த ஆண்டு வந்த அதன் கலிஃபோர்னியப் பதிப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள். எல்இடி வந்ததும் மின்செலவு குறைந்தது, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நிறம் மாறியது. கூடவே பழுதுகளின் குணமும் மாறியது.

முதலில் மின்சாரம். ஓர் ஊர்தியில் 40,000 எல்இடி புள்ளிகள் என்று கொள்வோம். முழு வெண்மையில் ஒரு புள்ளி 0.3 வாட் இழுக்கும். மொத்தம் 12 கிலோவாட். ஆனால் காட்சியின்போது சராசரி ஒளி ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், அதாவது 2.4 கிலோவாட். நகர்த்தும் மோட்டாருக்கு 2, ஒலிக்கும் கட்டுப்பாட்டுக்கும் 1 என்றால் மொத்தம் 5.4 கிலோவாட். வெளியே 45 நிமிடம் இருந்தால் 4 கிலோவாட் மணி, இரண்டு ஓட்டத்துக்கு 8. பேட்டரியின் கொள்ளளவில் 70 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது. வயதாகும்போது அது 20 சதவீதம் சுருங்கும் என்பதையும் சேர்த்தால் 15 கிலோவாட் மணி பேட்டரி வேண்டும். முதல் ஆண்டில் ‘இவ்வளவு எதற்கு’ என்று 10இல் நிறுத்திக்கொண்டால், மூன்றாம் ஆண்டில் இரண்டாவது ஓட்டத்தின் நடுவே ஊர்தி நின்றுபோகும்.

அடுத்து விளக்குகள். தொழில்நுட்பக் குழு அன்றாடம் மல்லுக்கட்டுவது இந்த நான்குடன்:

1. மின்னழுத்த இறக்கம். நீளமான கம்பியின் கடைசி முனையில் வோல்ட் குறையும். நீலமும் பச்சையும் சிவப்பைவிட அதிக வோல்ட் கேட்பவை, அதனால் முதலில் மங்கும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் செம்மஞ்சளாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்பியின் நடுவிலும் முடிவிலும் மின்சாரத்தைத் தனியாக ஊட்ட வேண்டும்.
2. தொடர் அறுதல். புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தகவல் கடத்துகின்றன. ஒரு புள்ளி செத்தால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் இருளும், அல்லது கடைசியாக வந்த நிறத்தில் உறையும். ஒரு புள்ளியைத் தாண்டித் தகவல் போக மாற்றுக் கம்பி உள்ள வகையை வாங்குவது செலவு கூடுதல், ஆனால் தவிர்க்கக் கூடாதது.
3. இணைப்பிகளில் ஈரம். விளக்கு ஐபி67 தரத்தில் (தூசியும் நீரும் புகாதபடி) இருக்கும், இணைப்பி இருக்காது. அணிவகுப்பு ஊர்தி தினமும் குலுங்குவதால் இணைப்பி நூலளவு தளரும், ஈரம் நுழையும், பச்சைப் பாசிபோல் அரிப்பு படியும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுவதுதான் வழி.
4. அதிர்வால் வரும் முறிவு. தெருவில் பதித்த டிராம் தண்டவாளங்களைச் சக்கரம் கடக்கும் இடம் மிக மோசம். உயரமான ஊர்தியின் உச்சியிலுள்ள பற்றவைப்புகளை அந்தக் குலுக்கல்தான் பிளக்கும்.

முப்பது ஊர்திகளில் தினமும் ஒவ்வொன்றிலும் இரண்டு பழுது என்றால், இரவு ஓட்டம் முடிந்து மறுநாள் மாலைக்குள் அறுபது பழுது தீர வேண்டும். இந்தக் குழுவைக் குறைப்பதுதான் சிக்கனத்தின் முதல் பலி. பார்வையாளர் கண்ணில் முதலில் படுவதும் அதன் விளைவுதான். பாதி அணைந்த ஊர்தி பகலில் பரவாயில்லை. இருட்டில் அது ஓட்டைபோலத் தெரியும்.

## இசை எப்படி ஒன்றாக ஒலிக்கிறது

பலருக்கும் புரியாத பகுதி இதுதான், ஆனால் இரவு அணிவகுப்பின் உயிரும் இதுதான். ஒவ்வோர் ஊர்திக்கும் தனி இசை. அது உங்கள் முன் வரும்போது அந்த இசை தெருவோர ஸ்பீக்கர்களிலும் கேட்கிறது. நகர்ந்ததும் அடுத்த ஊர்தியின் இசை வருகிறது. நடுவில் வெட்டு விழுவதில்லை.

அடியில் ஓர் அடிப்படை இசை நிற்காமல் ஓடும். எல்லா ஊர்திகளின் மெட்டும் அதே தாளவேகத்தில், அதன் சுருதிப் போக்கோடு பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கும். ஊர்தி ஒரு மண்டலத்துக்குள் நுழைந்ததை வானொலி அலையாலோ உணரியாலோ அறிந்து, அந்த மண்டலத்தில் அதன் மெட்டைக் கணினி ஏற்றும். பக்கத்து மண்டலத்தில் வேறு மெட்டு ஓடினாலும் இரண்டும் மோதாது. தொடக்க அறிவிப்பும் அப்படித்தான்: அணிவகுப்பின் தலை வரும்போது அந்தந்த மண்டலத்தில் ஒலிக்கும். அதனால் கடைசி முனையில் நிற்பவருக்கும் முழுத் தொடக்கம் கிடைக்கிறது. நடுவில் ஊர்தி பழுதாகி மூன்று நிமிடம் நின்றாலும் மெட்டு சுழன்றுகொண்டே இருக்கும். நின்றதே பலருக்குத் தெரியாது.

இங்கே நடக்கும் பிழை இடைவெளியைப் பற்றியது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஸ்பீக்கர்களை 30 மீட்டர் தள்ளி வைத்தால் தூரத்து ஸ்பீக்கரின் ஒலி 87 மில்லிநொடி பின்தங்கி வந்து தாளத்தைக் கலக்கும். 15 மீட்டருக்கு ஒன்று வைத்து, ஒவ்வொன்றையும் கீழ்நோக்கித் திருப்பி, குறைந்த சத்தத்தில் ஓட்டுவது நல்லது. ஸ்பீக்கரைக் குறைத்து சத்தத்தைக் கூட்டும் பூங்காக்களில் அணிவகுப்பு வெறும் இரைச்சலாக மாறுவதற்கு இதுவே காரணம்.

## பாதுகாப்பு

இருட்டு, குழந்தைகள், பல டன் ஊர்தி. இந்த மூன்றும் ஒரே தெருவில். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிறு வலைத் திரையும் கேமராவும் மட்டுமே. எனவே ஒவ்வோர் ஊர்திக்கும் இரு பக்கமும் நடந்துவரும் கண்காணிப்பாளர்கள் வேண்டும். அவர்கள் கையில் நிறுத்தும் அதிகாரமும் வேண்டும். 2004 பிப்ரவரியில் மேஜிக் கிங்டமில் பகல் அணிவகுப்பு ஒன்றின் ஊர்தி ஏறி ஒரு கலைஞர் இறந்தார். பார்வையாளர் முன்னால் அல்ல, மேடைக்குப் பின்புறத்தில். ஆபத்து அதிகம் உள்ள இடம் தெருவைவிட ஊர்திகள் வரிசைகட்டும் முற்றம்தான். அங்கே நடைபாதையைத் தரையில் கோடுபோட்டுப் பிரிக்காத பூங்கா, தெருவில் எவ்வளவு கயிறு கட்டியும் பயனில்லை.

2018 மே மாதம் அதே பூங்காவின் பகல் அணிவகுப்பில் தீ கக்கும் டிராகன் ஊர்தியின் தலையே தீப்பற்றியது. யாருக்கும் காயமில்லை. தீ, புகை, திரவ எரிபொருள் உள்ள எந்த ஊர்தியும் தனி அணைப்புக் குழுவோடுதான் நகர வேண்டும்.

மழை இன்னொரு எதிரி. ஈரத் தெருவில் நடனக் கலைஞர் வழுக்குவார், உடை எடை கூடும். மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்தாலே உலோக உச்சி கொண்ட ஊர்திகளை உள்ளே இழுத்துவிட வேண்டும். ஃப்ளோரிடாவின் கோடை மாலைகளில் இது வழக்கமான தலைவலி. டோக்கியோ டிஸ்னிலேண்ட் இதற்கு மெச்சத்தக்க விடை கண்டது: மழை நாளுக்கென்றே ‘நைட்ஃபால் க்ளோ’ என்ற சிறு அணிவகுப்பை 2013 முதல் தனியாக வைத்திருந்தது. ஊர்திகள் குறைவு, நேரம் குறைவு, ஆனால் தெருவோரம் காத்திருந்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

## மாற்றுகள் என்ன செய்யும், என்ன செய்யாது

கோட்டைச் சுவரில் ஒளிப்படம் பாய்ச்சுவதன் பெரிய பலம், உள்ளடக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடிவது. ஆள்தேவையும் குறைவு. ஆனால் முன்னால் நிற்பவருக்கு மட்டுமே படம் சரியாகத் தெரியும். எனவே எல்லோரும் ஒரே முற்றத்தில் குவிவார்கள். மேஜிக் கிங்டம் 2010களின் நடுவில் தன் கோட்டை முற்றத்தை உடைத்து விரிவாக்க வேண்டியிருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிரோன்கள் அழகானவை. பறக்கும் நேரம் கால் மணி அளவே, காற்று வலுத்தால் கிளம்பாது, அடியில் ஆளில்லாத நிலம் வேண்டும். நீர்க்காட்சிகளுக்கு ஏரி வேண்டும். இவை எதிலும் ஒரு கலைஞர் மூன்று வயதுக் குழந்தையின் கண்ணைப் பார்த்துக் கையசைப்பது கிடையாது. அதைக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் தெருவோரம் மக்கள் ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்காருவது அதற்காகத்தான்.

மாற்றத்தின் பெயரில் அடிப்படையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘லைட் மேஜிக்’ சான்று. டிஸ்னிலேண்ட் 1996 நவம்பரில் எலெக்ட்ரிக்கல் பரேடை நிறுத்திவிட்டு, 1997 மே மாதம் இதைக் கொண்டுவந்தது. ஊர்திகள் தொடர்ந்து நகராமல் பாதையில் இரண்டே இடங்களில் நின்று மேடையாக மாறும். அந்த இரண்டு இடங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்குக் காட்சி கடந்துபோனது மட்டுமே மிச்சம். கூட்டம் அந்த இரு இடங்களில் குவிந்தது. செப்டம்பரில் மூடிவிட்டார்கள். நகர்வதுதான் அணிவகுப்பின் பலம். அதை நிறுத்தினால் ஒளிப்பட முற்றத்தின் குறையும் தெருவை அடைக்கும் குறையும் ஒருசேர வந்துவிடும்.

## எந்த வரிசையில் கேட்பது

பூங்கா நிர்வாகம் கேட்கவேண்டிய கேள்விகள், இதே வரிசையில். முன்னதற்கு ‘இல்லை’ என்றால் பின்னதற்குப் போகத் தேவையில்லை.

1. தெரு அடைபட்டிருக்கும்போது ஆம்புலன்ஸ் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வழியில் சென்றடைய முடியுமா?
2. பாதை குறைந்தது 400 மீட்டர் இருக்கிறதா? அதற்குக் கீழே கூட்டத்தைப் பரப்பும் பயன் கரைந்துவிடுகிறது.
3. பழுதான ஊர்தியை வெளியே இழுக்க, இரு முனைகளைத் தவிர நடுவிலும் ஒரு வாசல் உண்டா?
4. ஊர்திகளை மழைபடாமல் நிறுத்தி மின்னேற்றக் கூரைக் கிடங்கு இருக்கிறதா?
5. கட்டும் செலவுக்கு அப்பால், ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று வேறு எதற்கும் திருப்ப முடியாத தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா?
6. கூட்டம் மிகுந்த நாட்களில் இரண்டு ஓட்டம் விட ஆள் உண்டா? ஒரே ஓட்டம் என்றால் எல்லோரும் அதற்கே வருவார்கள். இரண்டாவது இருந்தால் குழந்தைகளோடு வந்தவர்கள் முதல் ஓட்டத்தைப் பார்த்துக் கிளம்புவார்கள், மற்றவர்கள் அந்நேரம் சவாரிகளில் ஏறி இரண்டாவதற்கு வருவார்கள்.

ஐந்தாவது கேள்வியில்தான் பெரும்பாலான பூங்காக்கள் தடுக்கி விழுகின்றன.

## நிறுத்துவதானால்

சில ஆண்டுகள் நிறுத்திவைத்துத் திரும்பக் கொண்டுவருவது தவறல்ல; எதிர்பார்ப்பைக் கூட்டும். ஆனால் ஊர்தியைக் கிடங்கில் தள்ளிப் பூட்டினால் அது திரும்ப வராது. லித்தியம் பேட்டரியைப் பாதி மின்னேற்றத்தில் கழற்றி, தனி அறையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். டயர் ஒரே இடத்தில் நசுங்கித் தட்டையாகாமல் இருக்கச் சட்டத்தைத் தாங்கிகளில் ஏற்ற வேண்டும். எலி கம்பியைக் கடிக்கும். உள்வழிகளை வலையால் அடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா விளக்குகளையும் அரை மணி நேரம் எரியவிட்டால் இணைப்பிகளில் ஈரம் தங்காது. காட்சியின் கட்டுப்பாட்டு மென்பொருள், அதை ஓட்டும் கணினி, ஒவ்வொரு புள்ளியின் முகவரிப் பட்டியல் ஆகியவற்றை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்க வேண்டும். உலோகச் சட்டத்தை மறுபடி செய்துவிடலாம். முகவரிப் பட்டியல் தொலைந்தால் 40,000 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக எரியவிட்டு எது எங்கே இருக்கிறது என்று குறித்தாக வேண்டும், அதுவும் ஒவ்வோர் ஊர்திக்கும்.